நான் ‘மாமா’... அவர் ‘பாப்பா’!

மிஷனரி என்றதும் நம் மனதில் ஒரு படம் வரும். வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலில் வந்து இறங்குவார். தமிழ் படிப்பார். பள்ளிக்கூடம் கட்டுவார், ஆஸ்பத்திரி கட்டுவார். நம் ஊர் வெயிலில் வதங்கி, கடைசியில் இங்கேயே கல்லறையாகிவிடுவார்.

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கும் அதே படம்தான். 1888-ல் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்த பெண் மருத்துவர் மட்டில்டா மெக்ஃபெயில், நாற்பது ஆண்டுகள் இங்கே இருந்து வளர்த்ததுதான் எங்கள் ரெய்னி ஆஸ்பத்திரி. நான் பிறந்தது அங்கே. என் இரண்டு பிள்ளைகள் பிறந்ததும் அங்கேதான்.

ஆனால், கப்பலில் வந்தும் இறங்க முடியாமல் கப்பலிலேயே இருப்பவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு என்ன பெயர்? எங்கள் சபையில் எங்களை ‘மிஷனரி தம்பதி’ என்கிறார்கள். துறைமுகக் கேட்டில் இருக்கும் தம்பிகளுக்கு நாங்கள் ‘கப்பல் தாத்தா, கப்பல் பாட்டி.’ அவருக்கு வயது 74. எனக்கு 69. மாலுமிகள் நல ஊழியத்தில் தொண்டர்களாக அவர் சேர்ந்து பன்னிரண்டு வருடம், நான் சேர்ந்து பதினொரு வருடம் ஆகிறது.

கப்பலோடு ஒட்டிய ஊர்

ராயபுரத்துக்குக் கப்பல் புதிதல்ல. ராயப்பர் என்று தமிழ்க் கத்தோலிக்கர்கள் அழைக்கும் பேதுருவின் பெயரில் அமைந்த ஊர் இது. அந்தப் பேதுருவே ஒரு மீனவர். சென்னைக்குத் துறைமுகம் கிடையாது என்றிருந்த காலத்தில் கப்பல்கள் கடலில் தள்ளியே நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது மசூலா படகுக்காரர்கள்தான். இங்கே ராயப்பர் கோயிலைக் கட்டியவர்களும் அந்தப் படகுக்காரச் சமூகம்தான்.

பிறகு துறைமுகம் வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் ‘போர்ட்டு’க்குப் போனார்கள். அவர் அங்கே டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டை, பெட்டி, இரும்பு எல்லாவற்றையும் எண்ணிக் கணக்கு எழுதும் வேலை. நான் திருவொற்றியூரில் ஆங்கில ஆசிரியை. கொடியில் வெள்ளைப் புடவை காயப்போட்டால் மாலைக்குள் கரிப்பொடி படிந்துவிடும். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று எண்ணூருக்குப் போனது. அதே வருடம்தான் அவரும் ஓய்வு பெற்றார். “கரியும் போச்சு, நானும் போயிட்டேன்” என்பார்.

அடுத்த வருடம் அக்டோபர் 31, நீலம் புயல். ‘பிரதீபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் அறுந்து பெசன்ட் நகர் கரையில் வந்து சொருகியது நினைவிருக்கும். உயிர்காப்புப் படகில் இறங்கிய இளைஞர்களில் சிலர் கடலில் மூழ்கி இறந்துபோனார்கள். அதற்கு முன்பே பல நாட்களாகக் கப்பலில் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் தட்டுப்பாடு என்று பத்திரிகைகளில் வந்தது.

அவரும் பார்க்கப் போனார். கரையில் திருவிழாக் கூட்டம். ஐஸ்கிரீம், சுண்டல், குழந்தைகளைத் தோளில் தூக்கிக் கப்பல் காட்டும் அப்பாக்கள். வீட்டுக்கு வந்தவர் இரவு சாப்பிடவில்லை. “முப்பத்தஞ்சு வருஷமா கப்பல்ல வந்த மூட்டையை எண்ணினேன். ஆளை எண்ணவே இல்லை” என்றார். சில மாதங்களில் மாலுமிகள் ஊழியத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார். நான் 2014-ல் ஓய்வு பெற்றதும் சேர்ந்துகொண்டேன்.

சுடிதாரும் ஷூவும்

இந்த ஊழியம் உலகம் முழுக்க இருக்கிறது. 1835-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாய்க் கரையில் ஜான் ஆஷ்லி என்ற பாதிரியாரிடம் அவருடைய சின்னப் பையன், தூரத்தில் தெரிந்த தீவைக் காட்டி, ‘அங்கே இருப்பவர்கள் எப்படிக் கோயிலுக்குப் போவார்கள்?’ என்று கேட்டானாம். அவர் படகெடுத்துப் போனார். வழியில் காற்றுக்காக நங்கூரமிட்டு நின்ற நூற்றுக்கணக்கான கப்பல்களைப் பார்த்து, அதிலிருந்த மனிதர்களைத் தேடிப் போக ஆரம்பித்தார். அதுதான் தொடக்கம். 1856-ல் அது ‘மிஷன் டு சீஃபேரர்ஸ்’ என்ற இன்றைய அமைப்புக்கு வழிவிட்டது. கத்தோலிக்கர்களின் ‘ஸ்டெல்லா மாரிஸ்’ 1920-ல் கிளாஸ்கோவில் தொடங்கியது.

நாங்கள் செய்வது ரொம்பச் சின்ன வேலை. காலையில் கஞ்சி, மாத்திரை முடித்துவிட்டு அவர் மொபைலில் கப்பல் நிலவரம் பார்ப்பார். எந்த பெர்த்தில் எந்தக் கப்பல், எப்போது கிளம்புகிறது என்று குறித்துக்கொள்வார். நான் பையை அடுக்குவேன். பவர் பேங்க், இணையத்துக்கு டாங்கிள், அந்தந்த மொழியில் அச்செடுத்த செய்தித்தாள், சோப்பு, சாக்ஸ், கடலை மிட்டாய். சென்னைத் துறைமுகம் என்றால் ஜீரோ கேட் பக்கத்திலேயே. எண்ணூர் காமராஜர் துறைமுகம் என்றால் ராயபுரத்தில் ரயில் ஏறி அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி ஆட்டோ. சாலை வழியாகப் போனால் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு மதியச் சாப்பாடு வண்டியிலேயேதான்.

கேட்டில் சி.ஐ.எஸ்.எஃப். சோதனை. பாஸ், ஹெல்மெட், பளபளக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை. வாழ்நாளெல்லாம் புடவை கட்டிய நான், ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல் சுடிதாரும் கனத்த ஷூவும் போட்டேன். முதல் நாள் ஒரு லாரி டிரைவர் கேட்டார், “இன்னாம்மா, இந்த வயசுல கப்பல் வேலைக்கா?”

கேங்வே என்கிற அந்தத் தொங்கு ஏணியில் ஏறுவதுதான் கஷ்டம். கப்பலோடு சேர்ந்து அதுவும் அசையும். கீழே பார்த்தால் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கறுப்புத் தண்ணீர். “என் முதுகைப் பார்த்துக்கிட்டே ஏறு” என்று அவர் முன்னால் போவார். பதினோரு வருடத்தில் அந்த முதுகு எனக்கு மனப்பாடம்.

மேலே போனால் சாப்பாட்டு அறை. அங்கே உட்காருவோம். அவ்வளவுதான். பிலிப்பைன்ஸ் பையன்கள், இந்தோனேசிய முஸ்லிம் பிள்ளைகள், மியான்மர் பௌத்தர்கள், உத்தரப்பிரதேசத்துப் பையன்கள், ரஷ்யர்கள் என்று எல்லாரும் இருப்பார்கள். “மதம் மாத்தப் போறீங்களா?” என்று எதிர்வீட்டு அக்கா ஒருமுறை நேராகவே கேட்டார். பையில் பைபிள் இருக்கும். கேட்டால்தான் வெளியே வரும். அதுதான் இந்த ஊழியத்தின் விதி. பெரும்பாலும் அவர்கள் கேட்பது வேறு. வீட்டுக்குப் பேச இணையம், டாலரை ரூபாயாக மாற்ற வழி, பர்மா பஜாருக்கு எப்படிப் போவது, பல் வலிக்கு மாத்திரை. அதற்குப் பிறகு போனை எடுத்து மகளின் படத்தைக் காட்டுவார்கள். அந்தப் படத்தைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான் நாங்கள்.

ரஷ்யர்களும் நாங்களும்

ரஷ்யர்கள் சுலபத்தில் பேச மாட்டார்கள். ஆங்கிலமும் குறைவு. ஆரம்பத்தில் எனக்கு அவர்களைப் பார்த்தால் பள்ளி ஆய்வாளரைப் பார்ப்பதுபோல பயம்.

அந்தப் பயத்தைப் போக்கியது இரண்டு வார்த்தைகள். ஒரு இளம் மாலுமி என்னைப் பார்த்து, “மாமா” என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு அவரைக் காட்டி, “பாப்பா” என்றான். ரஷ்ய மொழியில் மாமா என்றால் அம்மாவாம், பாப்பா என்றால் அப்பாவாம்! தமிழில் என்ன அர்த்தம் என்று நான் விளக்கியதும் அந்தச் சாப்பாட்டு அறையே சிரித்தது. அறுபத்து மூன்று வயதுப் பாப்பா வெட்கப்பட்டு மீசையைத் தடவிக்கொண்டது. அவர்களும் தேநீரை ‘சாய்’ என்றுதான் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும், “அப்போ பாஷை பாதி தெரிஞ்சாச்சு” என்றார் இவர்.

2019-ல் எண்ணூரில் ஒரு எண்ணெய்க் கப்பல். அதில் இருபத்திரண்டு வயது ரஷ்யப் பையன், பயிற்சி மாலுமி. யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா இறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. செய்தி வந்தபோது கப்பல் மலாக்கா நீரிணையில். அடக்கமும் முடிந்துவிட்டது. அன்று இரவே கப்பல் கிளம்புவதால் அவனால் கரைக்கும் இறங்க முடியாது.

“ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும், மாமா” என்றான்.

அவர்கள் ஆர்த்தடாக்ஸ் சபைக்காரர்கள். இறந்தவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றி ஜெபிப்பது அவர்களுக்கு முக்கியம். ஆனால், எண்ணெய்க் கப்பலில் தீக்குச்சி உரசக்கூட அனுமதி கிடையாது.

நாங்கள் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்கள். இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் வழக்கம் எங்களுக்கு இல்லை. இவர் அந்த விஷயத்தில் கண்டிப்பானவர். தன் அம்மாவின் கல்லறையில்கூட மெழுகுவத்தி வைத்ததில்லை. ரயிலில் திரும்பும்போது எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர் என்று ஸ்டேஷன் ஒவ்வொன்றாகப் போகிறது, மனிதர் வாயே திறக்கவில்லை. ராயபுரத்தில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக ராயப்பர் கோயிலுக்கு நடந்தார். வாசலில் மெழுகுவத்தி வாங்கினார். என்னை மொபைலில் படம் பிடிக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பையன் எழுதிக் கொடுத்த அப்பா பெயரைத் தடுமாறித் தடுமாறிச் சொல்லி ஏற்றினார். அது எரிந்து பாதி ஆகும்வரை நின்றோம். வீடியோவை அனுப்பினோம்.

பதில் மறுநாள் காலையில்தான் வந்தது. ஒரே வார்த்தை. ‘ஸ்பசீபா’ - நன்றி.

அந்த வருடத்துக்குப் பிறகு கொரோனா வந்தது. கேட் மூடியது. கப்பல்கள் மட்டும் வந்து போய்க்கொண்டுதான் இருந்தன. நம் வீட்டுக்கு எண்ணெயும் பருப்பும் கேஸும் தட்டில்லாமல் வந்ததற்கு அதுவே காரணம். ஆனால், ஒப்பந்தம் முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாமல் உலகம் முழுக்கச் சுமார் 4 லட்சம் மாலுமிகள் கப்பலிலேயே சிக்கிக் கிடந்தார்கள். ஒருவர் பதினொரு மாதத்துக்கு மேல் தொடர்ந்து கப்பலில் இருக்கக் கூடாது என்பது கணக்கு. அந்த நாட்களில் சிலருக்கு அது பதினேழு மாதத்தைத் தாண்டியது. நாங்கள் பைகளைக் கேட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவோம்.

ஒரு சூப்பும் இரண்டு கிறிஸ்துமஸும்

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. நம் வீடுகளில் அது சூரியகாந்தி எண்ணெய் விலையாக வந்தது. அந்த எண்ணெயில் பெரும்பகுதி அந்த இரண்டு நாடுகளிலிருந்தும்தானே வருகிறது. எங்களுக்கு அது வேறு விதமாகவும் வந்தது. உலகத்தில் கப்பலில் வேலை செய்கிறவர்கள் சுமார் 19 லட்சம் பேர். அதில் ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் சேர்ந்து நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். பல கப்பல்களில் இரண்டு நாட்டுக்காரர்களும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள்.

2023 ஜனவரி 7. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸ். பழைய நாட்காட்டிப்படி அவர்களுக்கு அன்றுதான் பண்டிகை. எங்கள் சபைப் பெண்கள் பிழிந்த முறுக்கோடு ஒரு சரக்குக் கப்பலுக்குப் போனோம். சமையல்காரர் உக்ரைன்காரர். சரங்கு ரஷ்யர். மேஜையில் பீட்ரூட் போட்ட ‘போர்ஷ்’ சூப் ஆவி பறந்தது. அந்தச் சூப் யாருடையது என்பதிலேயே இரண்டு நாட்டுக்கும் வழக்கு. 2022 ஜூலையில் யுனெஸ்கோ, உக்ரைனின் போர்ஷ் சமையலை அவசரமாகக் காப்பாற்ற வேண்டிய பண்பாட்டுச் சொத்து என்று பட்டியலில் சேர்த்திருந்தது. நான் பேப்பரில் படித்திருந்தேன். எனக்குக் கை நடுங்கியது. யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

இவர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார், “எங்க ஊர்ல இதுக்குப் பேரு பீட்ரூட் ரசம். மிளகு கொஞ்சம் பத்தலை.”

நான் மொழிபெயர்த்தேன். முதலில் சமையல்காரர் சிரித்தார். பிறகு சரங்கு. மிளகுப் புட்டியை எடுத்து இவர் பக்கம் தள்ளியது சரங்குதான்.

இதனால் எந்தப் போரும் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும். கிளம்பும்போது அந்தச் சமையல்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, கெர்சோனில் இருக்கும் அம்மாவோடு மூன்று வாரமாகப் பேச முடியவில்லை என்றார். அழவில்லை. சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அதே வருடம் ஜூலையில் உக்ரைன் அரசு கிறிஸ்துமஸைச் சட்டப்படி டிசம்பர் 25-க்கு மாற்றிவிட்டது. காலங்காலமாக ஒரே நாளில் கொண்டாடியவர்கள். இப்போது எங்கள் பரிசுப் பைகளில் ஒரு பகுதி டிசம்பரில் போகிறது, ஒரு பகுதி ஜனவரியில் போகிறது. எத்தனை பை எந்தத் தேதிக்கு என்று அவர் டாலி நோட்டில் எழுதிவைப்பார். பழைய பழக்கம்.

ஏணி இல்லாத ஊழியம்

2024-ல் அவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். கேங்வே ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓசூரில் இருக்கும் மகன், “போதும்ப்பா, ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க” என்றான். அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. எனக்கும் முட்டி வலிக்கிறது. மனதுக்குள் நான் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தேன்.

அதுவும் போக, மாலுமிகளுக்கு நாங்கள் இனி எதற்கு என்ற கேள்வியும் இருந்தது. கப்பலிலேயே இணையம் வந்துவிட்டது. மாலுமிகளுக்கு அந்த வசதி தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் சர்வதேச விதியே வந்துவிட்டது. முன்பு டாங்கிளைச் சுற்றி ஈபோல மொய்த்தவர்கள் இப்போது அவரவர் அறையில் போனோடு இருக்கிறார்கள். கன்டெய்னர் கப்பல்கள் ஒரே நாளில் சரக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. சாப்பாட்டு அறையில் பல நாள் ஆளே இருப்பதில்லை.

மூன்று மாதம் இவர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தே இருந்தார். கப்பல் ஹாரன் கேட்டால் தலையைத் திருப்புவார், அவ்வளவுதான்.

ஒரு நாள் விடியற்காலை வாட்ஸ்அப் அழைப்பு. தாடி வைத்த ஒரு முகம். “பாப்பா!” என்றது. அந்த மெழுகுவத்திப் பையன்! இப்போது கப்பலில் அதிகாரி. விளாடிவாஸ்டாக் துறைமுகத்திலிருந்து பேசினான். சென்னைக்கும் விளாடிவாஸ்டாக்குக்கும் நேர் கடல் வழி என்று செய்திகளில் வருகிறதே, 5,600 கடல் மைல், 24 நாள் பயணம் என்று. அவன் அந்த வழியில் வரவில்லை. வெறுமனே பேசத்தான் கூப்பிட்டான். அப்பா இறந்த நாள் என்று சொன்னான். அவனுக்குத் திருமணமாகிவிட்டது. மனைவியைக் காட்டினான். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. “எங்க வீட்டு ஜன்னலைப் பாரு” என்று இவர் மொபைலைத் திருப்பி, எதிர்வீட்டு மாடியில் காயும் கருவாட்டைக் காட்டினார்.

அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு எண்ணை எல்லாக் கப்பலுக்கும் கொடுத்து அனுப்பச் சொல்லிவிட்டார். இப்போது மணிலாவிலிருந்து பேசுகிறார்கள், நடுக்கடலிலிருந்து பேசுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கும் வரும். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம், ரஷ்ய மொழி இன்னும் கொஞ்சம். “சாப்பிட்டியா, தூங்கினியா, அம்மாகிட்ட பேசினியா” - கேள்வி மூன்றுதான். அதற்கு மேல் அவர்கள்தான் பேசுகிறார்கள். இணையம் எல்லாரிடமும் இருக்கிறது. சம்பளம் வரவில்லை என்பதையோ, தூக்கம் வரவில்லை என்பதையோ வீட்டுக்குச் சொன்னால் பயந்துபோவார்கள் என்று மறைக்கிறவர்கள் நிறைய. அதைச் சொல்ல ஒரு வெளியாள் தேவைப்படுகிறது. இரண்டு மாதத்துக்கு மேல் சம்பளம் வராவிட்டால் அது சட்டப்படி கைவிடப்பட்ட நிலை என்றும், அதற்குக் காப்பீடு இருக்கிறது என்றும் பல இளம் மாலுமிகளுக்குத் தெரியாது. அதைச் சொல்லி, சரியான இடத்துக்குத் தகவல் கொடுக்கும் வேலையையும் வீட்டிலிருந்தே பார்க்கிறார்.

நான் இன்னும் ஏணி ஏறுகிறேன். வாரத்துக்கு ஒரு கப்பல்தான். எங்கள் சபையைச் சேர்ந்த காசிமேட்டுப் பெண் ஒருத்தி கூட வருகிறாள், மீனவர் மகள், அசையும் ஏணியில் ஓடியே ஏறுவாள். ஏறுவதற்கு முன்னால் நான் அவளிடம் சொல்வேன், “நீ முன்னால போ, நான் உன் முதுகைப் பார்த்துக்கிட்டே வர்றேன்.”

மகனிடம் இன்னும் இரண்டு வருடம் பொறுக்கச் சொல்லியிருக்கிறோம். அவனும் சரி என்றிருக்கிறான். போன விடுமுறைக்கு வந்த பேரன், தாத்தாவை ரஷ்யர்கள் பாப்பா என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டுப் பள்ளியில் போய் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான்.

பர்மா பஜார் பக்கம், பீச் ஸ்டேஷன் வாசலில், வழி தெரியாமல் இரண்டு மூன்று பேராக நிற்கும் வெளிநாட்டு இளைஞர்களைப் பார்த்தால் கொஞ்சம் நின்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்களிடம் இருப்பது நான்கு மணி நேரம்தான். மண்ணில் நடந்துவிட்டுத் திரும்பக் கப்பலுக்குப் போக வேண்டியவர்கள். நம் சமையலறையில் இருக்கும் ஏதோ ஒன்றை அவர்கள்தான் கொண்டுவந்திருப்பார்கள்.

இங்கே வீட்டில் முறுக்குக்கு மாவு அரைத்தாகிவிட்டது. டிசம்பர் 25-க்கு அறுபது பை, ஜனவரி 7-க்கு நாற்பது பை என்று டாலி நோட்டில் எழுதியிருக்கிறார். ஜனவரிக்குப் பிழிவது நமுத்துப்போகாமல் இருக்க, இரண்டு தவணையாகச் சுட வேண்டும்.